முழுக்கைச் சட்டை

கைய உள்ள விடாதீங்க சார், கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. வாலாட்டுதேன்னு நம்பிடாதீங்க. வாங்கிட்டுப் போனவரோட புள்ளயக் கடிக்கறதுக்கு முன்னாடியும் வாலத்தான் ஆட்டிக்கிட்டிருந்துச்சாம். ஆறு வயசு. கன்னத்துல பதினேழு தையல். அன்னிக்கே நாயக் கொண்டாந்து இங்க அடைச்சிட்டுப் போயிட்டாங்க.

நானா? நாய் வளர்த்து விக்கறவரோட பையன்தான். ஸ்கூல் பத்தாவதோட சரி. கூண்டு கழுவ அதுவே ஜாஸ்தி. என்ன, இந்த வெக்கையில முழுக்கைச் சட்டையான்னு பாக்குறீங்களா? கொசு சார்.

இந்த நாயப் பத்தி விசாரிச்சு நீங்க அந்தத் தாள்ல எழுத வேண்டியது ஒரு வரிதானே? இனத்தோட குணமா, வளர்த்தவன் தப்பான்னு. எங்கப்பா வளர்த்தவன் தப்புன்னிருப்பாரு. வாங்கிட்டுப் போன கான்ட்ராக்டர் இனமே வெறிபுடிச்ச இனம்னிருப்பாரு. உள்ள புள்ள அலறிக்கிட்டிருக்கு, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு இதத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க.

கான்ட்ராக்டர் வளர்த்த லட்சணமா? மொட்டை மாடியில, தண்ணித் தொட்டி கால்ல, ஒரு முழச் சங்கிலி. தலையச் சாச்சுப் படுக்க முடியாது. வெறி ஏறணும்னு தொடப்பக்கட்டையால குத்துவாரு. அத வீடியோ எடுத்து எங்கப்பாவுக்கே அனுப்புவாரு. இவரு கட்டைவிரல் பொம்மை போட்டு விடுவாரு.

இருங்க, இவரு லட்சணத்தையும் கேட்டுக்குங்க. குட்டிங்கள ரெண்டு மாசம் தாய்கிட்ட விடணும். ஒண்ண ஒண்ணு கடிச்சு விளையாடித்தான் எவ்ளோ அழுத்திக் கடிக்கலாம்னு கத்துக்கும். எங்கப்பா நாலாவது வாரமே பிரிச்சிடுவாரு. பொம்ம மாதிரி இருந்தாத்தான் தூக்கிட்டுப் போவாங்களாம். பிரிச்சதும் ரெண்டு குட்டிக்கு ஒரே தட்டு. எது அடிச்சுப் புடுங்கித் தின்னுதோ அதத்தான் வர்றவங்களுக்குக் காட்டுவாரு. தோத்ததா? குழி தோண்டினது நான்தான் சார், வேற என்ன கேக்கணும்?

இதோட தாய் அந்தக் கடைசிக் கூண்டுல இருக்கு. சாக்குத் தொங்குதே, அதுக்குப் பின்னாடி. வர்றவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் சாக்கு. ஆள் வாசன பட்டாலே பாயும். அதையே திரும்பத் திரும்ப ஈத்துக்கு விடுவாரு. கோவம்தான்டா நம்ம சரக்குன்னு சிரிப்பாரு.

இதுல எத எழுதப் போறீங்க? எத எழுதினாலும் இதக் கொல்ல ஒரு ஊசி. நீங்க தாள மடிச்சுப் பையில வெச்சுக்குவீங்க. அடுத்த மாசம் தாய் மறுபடி குட்டி போடும்.

சட்டையிலயே கண்ணு உங்களுக்கு. கொசு இல்ல, சரி. பாருங்க. முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும். அந்தத் தாய் கடிச்சதுதான், இது குட்டியா இருந்தப்ப, சோறு வைக்கப் போன எடத்துல.

ரெண்டு வருசம் முன்னாடி கான்ட்ராக்டர் இந்தக் குட்டிய எடுக்க வந்தப்ப அந்தப் புள்ளயும் கூட வந்துச்சு. அப்ப நாலு வயசு. அடுப்படியில அம்மா என் காதோட சொன்னாங்க. நீ வாயே தொறக்காத, அப்பா தோல உரிச்சிடுவாரு. சட்டக் கைய மடிச்சு விட்டுட்டு அவங்க முன்னாடி போய் நில்லு, போதும். பாத்துட்டு அவங்களே கேப்பாங்கன்னாங்க.

ஒரு குட்டி போனா ஒரு கூண்டு கழுவுற வேல மிச்சம்னு நெனச்சேன் சார். மணிக்கட்டு பட்டனையும் போட்டுக்கிட்டுப் போயி, குட்டியத் தூக்கி அந்தப் புள்ள கையில குடுத்தேன்.