ஆட்டுக்குச் சொன்ன தாக்கல்

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது, ஐயா. காப்பி ஒன்றுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ராக்கம்மாள் என் ஓரகத்தி. தவறிப்போன என் வீட்டுக்காரருடைய தம்பி மொக்கையனுக்கு வாக்கப்பட்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் நின்று மெல்லுவாள், இந்தப் பக்கம் துப்புவாள். சுவரில் வழிந்து காய்ந்ததை நான் சாணித் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பேன். மறுநாள் அதன் மேலேயே புதுசு வழியும், ஈ மொய்க்கும். ஒருநாள் பாயில் காயவைத்த கூழ்வத்தலில் வந்து விழுந்தது. கேட்டதற்கு, "காக்கா எச்சம்க்கா" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் ஊரில் பேச்சு நின்றால் வாய் நிற்காது. சாடையாகப் பேசுவோம். நான் என் ஆட்டைப் பார்த்துச் சொல்வேன், அவள் தன் கோழியைப் பார்த்துப் பதில் சொல்வாள். சாடையில் வருவதெல்லாம் வசவு. 'போகாதே' என்று காதில் விழுந்தால் போயே தீரவேண்டும். போகாவிட்டால் தோற்றதாக அர்த்தம்.

எமர்ஜென்சி முடிந்த மறு கோடையில் ஜீப்பில் சர்வே ஆட்கள் வந்தார்கள். நாகமலைக்குத் தெற்கே பூமிக்கு அடியில் என்ன பாறை ஓடுகிறது என்று பார்க்கவேண்டுமாம். சாவடியில் ஊரைக் கூட்டி, கண்ணாடி போட்ட அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் குழாய் மாதிரி துளை போட்டு உள்ள வெடி வைப்போம். பூமி அதிர்றத மிஷின்ல பதிவோம். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டாத மண் கிணத்துக்குள்ள மட்டும் யாரும் இறங்கக் கூடாது."

"வேட்டு வச்சா தண்ணி வருமா சார்?" என்றான் பேயாண்டி.

"வராதுங்க."

"அப்புறம் எதுக்கு, பூமாதேவிக்குத் தீவாளியா?"

அதிகாரியே சிரித்துவிட்டார். ஆம்பளைகளில் பாதிப் பேர் காட்டில் இருந்ததால், தெருவுக்கு ஓர் ஆள் வீடு வீடாகப் போய் இந்தச் சேதியைத் தாக்கல் சொல்ல ஏற்பாடு. "சீனியம்மா, ஒங்க தெருவுக்கு நீங்க" என்றார்கள்.

ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னேன். முத்துத்தாயைக் கேளுங்கள், காது மந்தம். கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி வீடு ராக்கம்மாளுடையது. புருசன் பெண்டாட்டி இருவருமே சாவடிக்கு வந்திருக்கவில்லை. அந்த வாரம் மொக்கையன் எங்கள் பொதுக் கிணற்றில் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தான். அது மண் கிணறு.

அவள் வாசலுக்கு நான் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து ஆட்டைப் பார்த்தேன்.

"ஏ மூதேவி, நாளைக்குக் கெணத்துக்குள்ள எவளும் ஆள எறக்கக் கூடாது. பூமிக்குள்ள வேட்டு வைக்கிறாகளாம். மீறி எறக்குனா மண்ணுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் பதில் வந்தது. "கேட்டியாடி கோழி? நாம தூர் வாருனா கெணறு நமக்கு ஆகிப்போகுமாம். அந்த வயித்தெரிச்சல்ல வேட்டாம் கீட்டாம். நாளைக்கு இன்னும் ஓராள் ஆழத்துக்குத் தோண்டச் சொல்றேன், பாரு." துப்பினாள்.

அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாதா? வேறு யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்கிறீர்கள். நான் சொல்லியிருப்பேன் என்று இருந்திருப்பார்கள். அது என் தெரு.

காலையில் மொக்கையன் கடப்பாரையும் கையுமாக என் வாசலில் நின்றான். அவன் மட்டும் என்னோடு பேசுவான். "என்ன மதினி, வேட்டுன்னு சொன்னீகளாமே? நெசமா, இல்ல அவளுக்குன்னு கட்டுன கதையா?"

"ஒம் பொண்டாட்டிகிட்டக் கேளு தம்பி. அவளுக்குத் தெரியாததா?"

"நல்லாப் போச்சு. ஒங்க ரெண்டு பேரையும் விட அந்த ஆடும் கோழியும் தேவல" என்று சிரித்துக்கொண்டே போனான். நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மத்தியானம் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். தரை ஒரு தடவை விக்கியது, அம்புட்டுத்தான். சொளகிலிருந்து ஒரு மணி சிந்தவில்லை. பிறகு கிணற்றுப் பக்கம் சத்தம் கேட்டது. புடைத்து முடித்துவிட்டுப் போனேன்.

பொழுது சாயத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். மூக்கு வாயெல்லாம் சேறு. ராக்கம்மாள் மேலே விழுந்து அழுதாள். அப்போதும் வாயில் வெற்றிலை. எச்சிலும் கோழையுமாக அவன் கன்னத்தில் ஒழுகியது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதற்காகத்தான் மூடினேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். "யக்கா, நான் எறக்குவேன்னு தெரிஞ்சுதான அப்படிச் சொன்ன?"

நான் பேசாமல் திரும்பியிருக்கலாம்.

"ஆமாடி, தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றேன்.

எனக்கு மனசில் வைராக்கியம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள், ஐயா. கேட்டவுடனே பழசையெல்லாம் மறந்து அவளோடு பேசினேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.