மாடி வீட்டுக் குப்பை

— சட்டையை மாட்டுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.

— நான் எதுக்கு? மாடி வீட்டம்மா நமக்கு சொந்தமா, பந்தமா?

— அவங்க குப்பையைப் பிரிக்கல, எடுக்காதீங்கன்னு சொன்னது நானு. எடுக்காம லாரிய ஓட்டிட்டுப் போனது நீங்க.

— உன்னோட வேலையே அதானே! மக்குறது தனி, மக்காதது தனின்னு வீடு வீடா ஏறிச் சொல்லத்தானே மாநகராட்சி உன்னை வெச்சிருக்கு? பிரிச்சுப் போடலேன்னா எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. நீ என்ன பண்ணுவ?

— வாளியத் தூக்கிக்கிட்டு ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாங்களாமே...

— கூப்பிட்டாங்க. நான்தான் காதுல விழாத மாதிரி...

— நாள் கணக்கா நாத்தம். தாங்காம அவங்களே தூக்கிக்கிட்டு இறங்கி... அந்தப் படியில...

— இடுப்புக்குத்தான் ஆபரேஷன் பண்ணிட்டாங்களே.

— இனிமே நடக்க மாட்டாங்களாம்.

— இரு, சட்டைய மாட்டிக்கறேன்.

— மன்னிப்பு கேக்கணுங்க. ‘ஊர் நல்லதுக்குத்தாம்மா செஞ்சோம்’னு சொல்லவா?

— அதை மட்டும் சொல்லாத.

— ஏன்?

— சொல்லாதன்னா விடேன்!

— ஏங்க... என்ன?

— உரம் பண்ற மெஷின் இருக்கே... திறப்பு விழா அன்னிக்கு ஓடினதோட சரி. படுத்துடுச்சு. கூடத்தையே பூட்டிட்டாங்க.

— அப்ப நாங்க பிரிச்சுக் குடுக்கறது?

— தெருவுல தனித்தனியா வாங்கிக்கறோம். ஊருக்கு வெளியில எல்லாம் ஒரே பள்ளம்தான். தனித்தனியா வாங்கறத மட்டும் விட்டுடாதீங்க, ஜனங்க பழக்கம் கெட்டுடும்னு அதிகாரி சொல்லியிருக்கார். ஏதாவது பேசேன். நாலு வார்த்தை திட்டவாவது செய். தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டு வருவ நீ. உன்கிட்ட எந்த வாயால சொல்றது?

— உக்காருங்க. நான் மட்டும் போறேன்.

— கோவமா?

— உங்க மேல எனக்கென்ன கோவம்... போன மாசம் ஒரு நாள் சாப்பாட்டை மறந்துட்டுப் போனீங்களே. எடுத்துக்கிட்டு அந்தப் பள்ளம் வரைக்கும் வந்தேன். பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்.

— அடிப்பாவி! அப்ப உனக்கு...

— மறுநாளே மாடி வீட்டம்மா தெருவே கேக்க என்னைக் கேட்டாங்க. ‘எல்லாம் ஒரே குழிக்குத்தானே போகுது, யார ஏமாத்தற?’ன்னு. அத்தனை பேரும் என் மூஞ்சியப் பாத்தாங்க.

— அதுக்கு?

— அவங்க குப்பையை ஒழுங்காத்தாங்க பிரிச்சு வெச்சிருந்தாங்க.