பதினைந்தாம் எண்ணுக்கு நான் சொன்ன பதில்

ஏறுகிறேன். இரும்புப் படி. கைப்பிடி சுடுகிறது. காலை 11.20. இரண்டாவது ஏவுகணை எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் பாய்ந்துவிட்டது. முதல் அடி 'டொம்' என்றது. இது தகரம் கிழிகிற சத்தம். கீழே தண்ணீர் புகுகிறது.

இடம் செங்கடல். சரக்குக் கப்பல். நான் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். ஊர் வடகரப்பதி. இருபத்திரண்டு பேரில் என்னோடு தமிழ் பேச ஒருவன்தான். சமையல்காரன் முருகேசன். தேவிகுளம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்.

அந்தக் கப்பல் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். பின்பக்கம் பெயரைப் புதிதாக எழுதியிருந்தார்கள். பழைய எழுத்து பெயின்டுக்கு அடியில் புடைத்துத் தெரிந்தது. சரக்கு சிமெண்ட் என்றார்கள். சிமெண்டுக்கு எதற்குத் துப்பாக்கிக் காவல்? அன்று காலை கேப்டன், கப்பல் இருக்குமிடம் காட்டும் கருவியையும் அணைத்துவிட்டார்.

"ஏனப்பா, இந்தாளு யாரு கண்ணுல மண்ணத் தூவறாரு?" என்று முருகேசனிடம் கேட்டேன்.

"கொழம்புல உப்பு கொறஞ்சாலும் ஒனக்குச் சந்தேகம்தாம்லே. போய்த் தின்னு" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

மேல்தளம் முழுக்கப் புகை. "போட்! போட்!" என்று கத்துகிறார்கள். துணை அதிகாரி எண் வாசிக்கிறார். ஆளுக்கு ஓர் எண். எனக்குப் பதினாலு. முருகேசனுக்குப் பதினைந்து.

வாராவாரம் இதை ஒத்திகை பார்ப்போம். அந்த நேரம் உலையில் அரிசி கொதிக்கும். அவன் வரமாட்டான். குரலை மாற்றி அவனுக்கும் நானே பதில் சொல்வேன். அதற்குக் கூலியாக எனக்குப் பெரிய மீன் துண்டு வரும். அதிகாரி தாளை விட்டுத் தலை நிமிர்ந்ததே இல்லை.

"ஃபோர்டீன்!"

"யெஸ்!"

"ஃபிஃப்டீன்!"

"யெஸ்!"

இரண்டும் என் வாய். புகையில் யார் முகமும் தெரியவில்லை. கணக்கு சரி. ஆள் குறைந்தால் தேடிப்போக இருவர் புகை முகமூடியோடு நின்றார்கள். அவர்களும் படகில் ஏறினார்கள். படகு தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அவனைத் தேடினேன். ஐயோ!

"குக் இல்ல! நிறுத்துங்க!"

அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார். 11.41. மூன்றாவது அடி. கப்பல் பின்பக்கமாக இறங்கியது.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் கம்பெனி வக்கீல் வந்தார். கையில் ஆப்பிள் பை. என்னை 'சார்' என்றார். எல்லோரும் படகில் ஏறினார்கள், சமையல்காரர் கவனக்குறைவால் படகிலிருந்து விழுந்தார் என்று அவர் நீட்டிய தாளில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். பெயரை மாற்றியது பற்றியோ அணைத்த கருவியைப் பற்றியோ ஒரு வரி இல்லை. களவாணிகள். ஆனால் அந்தப் பொய்க்கு நான்தான் இடம் கொடுத்தேன். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் முருகேசன் மனைவி செல்வி வந்தாள். தேவிகுளத்திலிருந்து மூன்று பஸ் மாறி. அதே தாள் அவள் கையிலும்.

"அவுக படகுல ஏறுனத நீங்க பாத்தீகளாண்ணே?"

"இல்லீங்க அம்மிணி."

"எண்ணக் கூப்பிட்டப்ப பதில் சொன்னாகன்னு போட்டிருக்கே. அவுக கொரலா அது?"

"நானுங்க. நாந்தானுங்க சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள்.

"வாய் தவறியா? இல்ல, படகு சட்டுனு எறங்கட்டும்னா?"

பழக்கதோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு உயிர்ப்பயம் இருந்தது. அது நிஜம். ஊரையே சந்தேகப்பட்டவன், இப்போது என்னையே நம்பவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

"இத எழுதிக் குடுங்க" என்றாள். நான் வைத்த தேநீரைத் தொடவில்லை.

எழுதிவிட்டேன். வக்கீல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்து இதற்குக் கீழேதான்.

மூழ்கியது: கப்பல் ஒன்று. சரக்கு என்னவென்று இன்றும் தெரியாது. பதில் வந்த எண்கள் இருபத்திரண்டு. படகில் ஏறியவர்கள் இருபத்தொருவர். இறந்தவர் ஒருவர். முருகேசன், சமையல்காரர். உடல் கிடைக்கவில்லை.