பதினேழாம் தேதி முறை

ராத்திரி பத்தே முக்கால். புளியம்பாறை ஊரிலிருந்து ரயில் ஹால்ட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை... முக்கால் மைல். இரண்டு பக்கமும் உடைமரம். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்தப் பாதையில் ஒரு பொம்பளை தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

யார் என்கிறீர்களா? இதோ, இந்த ஸ்டேஷன் கொட்டகையில் மூட்டைமேல் சாய்ந்து பீடி குடிக்கிறானே நம் வேலுசாமி, அவனுடைய சின்னம்மா கருப்பம்மாள். நான் கதை அளக்கிறேன் என்று நினைத்தால் அவனையே கேளுங்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம். ஐப்பசி அடைமழை ஓய்ந்து இரண்டு நாள்.

எதற்கு ஓடினாள்? ரயிலைப் பிடிக்க. பிடித்து எங்கே போக? எங்கேயும் இல்லை. சங்கதியே அங்கேதான் இருக்கிறது.

பழனி லைனில் அந்த ஹால்ட். ஒரு தகரக் கொட்டகை, ஒரு டிக்கெட் ஜன்னல், கூடையில் மண் சுமந்து ஊரே மேடாக்கிய பிளாட்பாரம். அவ்வளவுதான். ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ரோட்டுக்குப் போக வழியில்லை. பிள்ளைத்தாய்ச்சியைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடியற்காலை நாலரை வண்டியை விட்டால் கதியில்லை. அந்த ஹால்ட்டுக்குத்தான் ரயில்வேக்காரர்களிடமிருந்து ஓலை வந்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம். பதினோரு மணி ராத்திரி வண்டியில் ஒரே ஒரு நாள் ஆள் ஏறாவிட்டாலும் ஹால்ட் ரத்து. அடுத்த வண்டியே நிற்காது. ராத்திரி பதினோரு மணிக்கு எவனய்யா பிரயாணம் போவான்? மூடுவதென்று முடிவு செய்துவிட்டு எழுதின காகிதம் அது!

"மூடிருவாய்ங்களா? மூடட்டும் பாப்போம்!" என்று துண்டை உதறி எழுந்தவன் வீரன். கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை. ஹால்ட் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்தவனும் அவன்தான். அவன் சொன்னபடி, வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல ஊரார் ரயிலுக்கு முறை வைத்தார்கள். முப்பது வீடு, முப்பது ராத்திரி. முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அது கோயில் பூசாரி தலையில். முறைக்காரர் டிக்கெட் எடுத்து ஏற வேண்டியது, அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியது, இருட்டில் தண்டவாளத்தோடு நாலு மைல் நடந்து வீடு திரும்ப வேண்டியது.

பதினேழாம் தேதி வீரன் முறை. முதல் மாதமே போனான்... ஏறினான்... இறங்கினான்... நடந்து வரும்போது கண்ணாடி விரியன் போட்டுவிட்டது. விடிந்து பார்த்தால் ஜல்லிமேல் நீலம் பாரித்துக் கிடக்கிறான். முறைப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் தலையில் அந்த ராத்திரியையும் கட்டினார்கள். அவள் சொந்த முறை பதினெட்டு.

அடுத்த மாதப் பதினேழு. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் மகள் சண்முகவள்ளிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி பேச்சாயி கையை விரித்துவிட்டாள். நாலரை வண்டி நின்றால்தான் தாயும் பிள்ளையும் பிழைக்கும். நாலரை வண்டி நிற்க வேண்டுமானால் பதினோரு மணி வண்டியில் கருப்பம்மாள் ஏற வேண்டும். வேறு ஆளை அனுப்பலாமே என்பீர்கள். தன் முறைக்கு இன்னொருத்தர் வாசலில் போய் நிற்பதா? அது மட்டும் அவளுக்கு ஆகாது. மகளைப் பேச்சாயியிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

பிளாட்பாரத்தில் கால் வைக்கிறாள்... வண்டி நகர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மண்ணை வாரி ரயில் போன திசையில் தூற்றினாள்.

"ஏங்க்கா அழுவுறீக?" ஜன்னலுக்குள்ளிருந்து ரஹ்மத்துல்லா. டிக்கெட் கொடுக்கிறவர், வேலைக்கு வந்து பத்தே நாள். "அதான் உங்க ஊரு ஆளு ஒருத்தர் ஏறிட்டாருல்ல?"

"ஆரு பாய்?"

"பேரு சொல்லலக்கா. 'இன்னைக்கு என் மொறை'ன்னாரு, அம்புட்டுத்தான். கை மட்டும் உள்ள நீட்டுனாரு... நீலமா இருந்துச்சு."

கருப்பம்மாள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். உருளைக்கிழங்கு அவித்த வாசம்... பாம்பு இருக்கிற இடத்தில் வருமே, அந்த வாசம். பயந்துதான் போனாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் வாயில் வந்த வார்த்தை, "ஆளு ஏறியாச்சுல்ல பாய், அது போதும்" என்பதுதான்.

வீட்டுக்கு வந்தாள். மகள் துடிக்கிறாள். மணி ஒன்று இருக்கும்... தண்டவாளப் பக்கமிருந்து சத்தம். சரக்... சரக்... ஜல்லிமேல் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். தெரு நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. சத்தம் தெருவுக்குள் வந்தது. அவள் வாசலில் நின்றது. பேச்சாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கருப்பம்மாள் போய்க் கதவைத் திறந்தாள். கும்மிருட்டு. இருட்டைப் பார்த்தே சொன்னாள்: "வந்துட்டியாண்ணே? நல்லாருப்ப. போயி படு. நாளைக்கு எங்க வீட்டு மொறை, நான் பாத்துக்கிர்றேன்."

சரக்... சரக்... பக்கத்து வீட்டுக்குள் போய் அடங்கியது. பூட்டின வீடு அது. பூட்டு பூட்டினபடியே கிடந்தது.

நாலரை வண்டி நின்றது. கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். உச்சிப்பொழுதுக்குள் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை, தாயும் சேயும் சுகம்.

சங்கதி தெரிந்து, கோடாங்கியை வைத்துப் பேயை ஓட்ட வேண்டுமென்று ஊரில் நாலு பேர் கிளம்பினார்கள். கருப்பம்மாள் விளக்குமாற்றோடு நடுத்தெருவில் நின்றாள். "ஓட்டுவீகளோ? உசுரோட இருக்குற நீங்க கிழிச்சத விட அந்த மனுசன் செஞ்சது பெருசு. அடிச்ச பேர திருப்பி எழுதுங்கடா!" எழுதினார்கள். மூன்று மாதம் முடிந்தது. ஹால்ட் தப்பியது.

எட்டு வருஷம் தப்பியது. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்ததைச் சாக்கு வைத்து ஒரே நாளில் மூடினார்கள். தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றும்போது கருப்பம்மாள் படுத்த படுக்கை. "மூடட்டும். என் மொறைய நான் விட மாட்டேன்" என்றாளாம். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அங்கே விளக்கு இல்லை, பலகை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் பதினேழாம் தேதி ராத்திரி வண்டி தானாக நிற்கிறது. டிரைவர் நிறுத்துவதில்லை. எஞ்சினைக் கழற்றிக்கூடப் பார்த்துவிட்டார்கள், பழுது ஏதும் இல்லை. ஒரு நிமிஷம் நிற்கும், கிளம்பும். அவள் போன மாதத்திலிருந்து பதினெட்டாம் தேதியும் நின்றது. அப்புறம் ஒன்பது... அப்புறம் இருபத்தாறு... ஊரில் முறை பார்த்த கிழடு ஒன்று சாக, மாதத்தில் அதன் முறை ராத்திரி ஒன்று கூடிக்கொண்டே போகிறது. எங்கே, எதை மூடினார்கள்? மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்!

நேற்று ராத்திரியும் நின்றதாம். காலையில் அந்த வண்டியின் கார்டே வந்து சொன்னார். நேற்றுத் தேதி இருபத்திரண்டு...

ஏலே வேலுசாமி, ஏன் எழுந்துவிட்டாய்?

"அது எங்கய்யா மொறை" என்றான் வேலுசாமி. "முந்தாநாத்து பேசிட்டு வந்தேன்... நல்லாத்தானே இருந்தாரு."