சிக்னல் உள்ள கட்டங்கள்

— மேடம், அங்க ஏதோ போன் விடாம அடிக்குது. எடுத்துப் பேசிட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்.

— வேணாம் தம்பி. அந்த நம்பரைத்தான் நிறுத்தச் சொல்றேன்.

— இணைப்பை ரத்து பண்ணணுமா? கண்டிப்பா உதவறேன் மேடம். நம்ம வெப்சைட்டுக்குப் போனீங்கன்னா...

— போயாச்சு. காலையிலேருந்து அங்கதான் குடியிருக்கேன். எனக்குக் கண்ணு தெரியாது தம்பி. திரையில இருக்கறதை கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லும். முகப்புல 'எல்லோருக்கும் எளிது'ன்னு போட்டிருக்கீங்களாமே, அதை மட்டும் கணீர்னு வாசிக்குது.

— எந்த இடத்துல நிக்குது மேடம்?

— 'போக்குவரத்து சிக்னல் உள்ள கட்டங்களைத் தொடவும்'னு சொல்லுது. அப்புறம் படம், படம், படம், படம். அவ்வளவுதான். நான் யோசிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சதுன்னு வெளிய தள்ளிடுது.

— அது நீங்க மனுஷங்கதானான்னு பாக்கற சோதனை மேடம்.

— ஓகோ. அதுல நான் பெயிலு.

— ஐயோ, அப்படி இல்ல. காதால கேக்கற பொத்தான் ஒண்ணு இருக்குமே?

— அமுக்கினேன். ஊமையா இருக்கு.

— அதை மேலிடத்துக்குச் சொல்றேன் மேடம்.

— நேத்து பேசின பொண்ணும் சொல்றேன்னுதான் சொல்லிச்சு. நீங்களே அங்கேருந்து நிறுத்திடக்கூடாதா?

— எங்க கையில இல்ல மேடம். சைட்டுல போட்டாத்தான் சிஸ்டம் எடுக்கும். அதுவரைக்கும் அந்த போனை அணைச்சு வைக்கலாமே?

— என் போன் பேசும், அது பேசாது. பட்டனை அமுக்கினா திரையில எங்கயோ தொடச் சொல்லுதாம். வழவழன்னு கண்ணாடி. நான் எங்கன்னு தொடறது? போர்வைக்கு அடியில வச்சுப் பீரோவைப் பூட்டியிருக்கேன். அப்பவும் கேக்குது பாருங்க.

— சார்ஜ் போடாம விட்டா தானா அணைஞ்சிடும் மேடம்.

— அணைஞ்சுது. வீடே கம்முனு ஆயிடுச்சு. அப்புறம் நானே போய் சார்ஜர்ல சொருகிட்டேன்.

— ஏன் மேடம்?

— தெரியல தம்பி.

— சரி... வீட்டுல, பக்கத்துல யாராவது இருந்தா அந்தப் படத்தை மட்டும் தொட்டுத் தரச் சொல்லுங்களேன். ஒரு நிமிஷ வேலை.

— என் வீட்டுக்காரர்தான் தொட்டுத் தருவார். அதுக்கும் ஒரு சண்டை. 'கம்பமும் சிக்னல்ல சேர்த்தியாடி?'ம்பார். என்கிட்ட கேட்டா? 'சேர்த்துக்கோங்க, பாவம் அது மட்டும் என்ன தப்பு பண்ணிச்சு'ம்பேன். தப்பாப் போகும். மறுபடி வேற படம் வரும். திட்டிக்கிட்டே தொடுவார்.

— அப்புறம் என்ன மேடம்! அவரைக் கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்.

— தம்பி, இதை நான் சொன்னா உங்க ஆளுங்க எல்லாரும் 'மிகவும் வருந்துகிறோம்'னு ஒரே வரியை ஒரே மாதிரி படிக்கறாங்க. அதனாலதான் இன்னிக்கு சொல்லாமலே முடிச்சுடலாம்னு பாத்தேன். நீங்க அதைப் படிக்க மாட்டீங்கன்னா சொல்றேன்.

— படிக்கல மேடம். சொல்லுங்க.

— இப்ப பீரோவுக்குள்ள அடிக்குதே, அது அவரு நம்பர்தான்.