கதவு பூட்டியிருந்தது

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், நம் திடல் காப்புக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! குனிந்து குனிந்து குப்பை பொறுக்கி, இந்தக் கொடும்பொட்டலைக் குளிர்சோலை ஆக்கிய தாய்மார்களே! இடம் கிடைக்காமல் மதில்மேல் ஏறியிருக்கும் தோழர்களே! பயப்படாமல் உட்காருங்கள், அந்த மதிலைக் கட்டியது நான் அல்ல. கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், தண்ணீர் லாரி ஓட்டுநரின் மனைவியாகிய என் தங்கையே! உங்கள் அனைவருக்கும் இந்த வெல்டிங் பட்டறைக்காரனின் பணிவான வணக்கம்.

நாளைக் காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. இந்தத் திடல் நம்மிடம் இருக்குமா, தார் ஊற்றி வண்டி நிறுத்தும் இடமாகுமா என்பது அங்கே முடிவாகும். அங்கே நாம் நாற்பது பேரும் ஒரே குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். "அன்றைக்குக் கதவு திறந்தே இருந்தது." அதை உங்கள் நெஞ்சில் பதிய வைக்கத்தான் குழு என்னை மேடையேற்றியிருக்கிறது. எனக்குத்தான் குரல் பெரிது, வாயும் பெரிது.

பேசுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இடிந்த அச்சகத்தின் இடமாக இது பதினொரு வருடம் கிடந்ததே, அப்போது இங்கே என்ன இருந்தது? உடைந்த கண்ணாடி இருந்தது. ஊசி இருந்தது. எலி இருந்தது. செத்த நாய் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் மூன்று வீடுகளில் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோமே, அந்தக் கொசுவும் இங்கேதான் இருந்தது. எத்தனை மனு கொடுத்தோம்? எத்தனை படி ஏறினோம்? எவன் வந்தான்? ஒருவனும் வரவில்லை. நாமே இறங்கினோம். கை கிழிந்தது, கால் கிழிந்தது, நம் நர்ஸ் அக்கா ஒரே வாரத்தில் இருபத்தாறு பேருக்கு ஊசி போட்டார். (ஆமாம் அக்கா, எனக்கு இரண்டு.)

நட்டதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றியது யார்? சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்... ஆம், தண்ணீர் லாரிக்காரர். கடைசி நடையை முடித்துவிட்டு, தொட்டியின் அடியில் மிஞ்சியதை ஒரு நாள் தவறாமல் கொண்டுவந்து கவிழ்த்தார். கோடையில் வேம்பு வாடியபோது தன் வீட்டுக் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். "மச்சான், வீட்ல ஒரு நாள் குளிக்கலன்னா யாரும் சாகப்போறதில்ல" என்றார். அந்த மனிதர் இன்று இல்லை.

ஏன் இல்லை?

பச்சை பிடித்ததும் நமக்குப் பயம் பிடித்தது. மத்தியான வேளையில் யாரோ மறுபடி குப்பை கொட்டினார்கள். குழு கூடியது. கதவு போடு என்றது. பன்னிரண்டு முதல் நாலு வரை பூட்டு என்றது. நான் கதவு செய்தேன், இருந்த ஒரே சாவியையும் நானே வைத்துக்கொண்டேன். செய்ததோடு நின்றேனா? பூட்டை எவனும் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்று அதைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு கூடு செய்து பற்றவைத்தேன். கீழிருந்து கை நுழையும், சாவி நுழையும், கம்பிக்கு நெம்ப இடமிருக்காது, கடப்பாரை நுழையாது. அதை வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

திடலுக்குப் பின்னால் இருக்கும் எட்டு வீட்டுக்கும் வண்டி போக இந்தப் பொட்டல்தான் வழி என்பது நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பின்சந்தில் ஒரு சைக்கிள் போனால் இன்னொரு சைக்கிள் நிற்க வேண்டும். அது நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் செடியைப் பார்த்த கண்ணுக்குச் சந்து தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை. அந்த எட்டு வீட்டில் ஒரு வீட்டில் லாரிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் வந்தது. வந்து இந்தக் கதவின் முன்னால் நின்றது. சாவி எங்கே? என் இடுப்பில். நான் எங்கே? நாலு தெரு தள்ளி, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மூன்றாவது மாடியில், அறுக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு. ஏழு முறை அழைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. இந்தத் தங்கை கல்லை எடுத்து அடித்தாள். ஆம்புலன்ஸ்காரர் ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பினார். பூட்டு அசையவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்! கடைசியில் நாற்காலியில் வைத்து, சந்து வழியாக, வாசற்படிகளில் முட்டி முட்டித் தூக்கிப் போனார்கள். இருபத்தைந்து நிமிடம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். 'சுருக்கவும்' என்று எழுதியிருக்கிறார். சுருக்கிவிடுகிறேன் ஐயா, இன்னும் நாலு பேச்சுத்தான்.

கதவு பூட்டியிருந்தது என்று இந்தத் தங்கை நகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைக் காட்டித்தான் நகராட்சி இடத்தைக் கேட்கிறது. பதினொரு வருடம் பிணநாற்றம் எட்டாத மூக்குக்கு இன்று பாசம் பொங்குகிறது! அதனால் நாம் என்ன செய்தோம்? அவள் வாக்கைப் பொய்யாக்கத் தீர்மானம் போட்டோம். அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நேற்று மாலை, வாபஸ் வாங்கம்மா என்று கேட்க நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மரத்த வெட்டுங்கன்னு நான் சொல்லலண்ணே. அது அவர் ஊத்துன தண்ணி. பூட்டியிருந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தர் சொன்னாப் போதும். இல்லன்னா எனக்கே சந்தேகம் வருது, நான் சரியா அடிக்கலையோன்னு."

பெரியோர்களே, கேட்டீர்களா? நாம் சொல்லும் பொய், அந்தப் பெண்ணைத் தன் கைமேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறது. கணவனையும் பறித்துவிட்டு, கண்ணால் கண்டதையும் பறிக்கலாமா? நாற்பது பேர் சேர்ந்து ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கித்தான் இந்த நிழல் நிற்க வேண்டுமென்றால், அந்த நிழலில் எந்த முகத்தோடு உட்காருவோம்?

(கத்தாதே தம்பி, இடம் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். போகலாம். போகாமலும் இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.)

செடி பூட்டவில்லை, நாம் பூட்டினோம். வேம்பு கொல்லவில்லை, நாம் போட்ட விதி கொன்றது. இதை நாமே சொல்லி, வழிவிட்டு மரம் வளர்க்கிறோம் என்று கேட்போம். கொடுத்தால் கொடுக்கட்டும். என்மேல் வழக்குப் போட்டால் போடட்டும்.

தங்கச்சி, நீ சரியாகத்தான் அடித்தாய். கதவு பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது.

இதை அப்படியே ஒரு தாளில் எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட தலைவருக்கும் நன்றி. தாளில் என் பெயருக்குக் கீழே முப்பத்தொன்பது வரிகள் காலியாக இருக்கின்றன. வணக்கம்.