பன்னிரண்டு எண்ணும்வரை

அக்கா: ...நாலு, அஞ்சு, ஆறு... கிட்ட வராதடா. மூச்சு விட்டாக்கூட தீ ஆடும்.

தம்பி: லாரி வாசல்ல நிக்குதுக்கா. ரெண்டாவது லோடு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

அக்கா: ...பதினொண்ணு, பன்னெண்டு. தீயை எடுத்துட்டேன். இப்பப் பாரு.

தம்பி: என்னத்தைப் பாக்க? தீயை எடுத்தா துணி தானா அணையும். அதுக்குத்தானே பவுண்டரிக்காரங்க நம்மகிட்ட கோட்டு வாங்குறாங்க.

அக்கா: பாருடா.

தம்பி: ...எரியுதே.

அக்கா: ம்.

தம்பி: அக்கா, மேல வரைக்கும் போகுது! தண்ணி, தண்ணி!

அக்கா: கத்தாத. ஊத்திட்டேன். உக்காரு.

தம்பி: இது ஏதோ வெளுத்துப்போன துணி. எங்க புடிச்ச, யார் வீட்டுக் கொடியில?

அக்கா: எங்க வீட்டுக் கொடியில. மாமாவோட வேலைக் கோட்டு. உள்மடிப்புல ஒரு துண்டு வெட்டினேன்.

தம்பி: மாமா துவைச்ச கோட்டா? அப்ப சரி. மனுஷன் எதைப் போட்டு ஊற வெச்சாரோ...

அக்கா: நான்தான் துவைச்சேன். ஒன்றரை மாசத்துல இருபது தடவை. வெறும் சோப்பு.

தம்பி: சும்மா சொன்னேன்க்கா... மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க?

அக்கா: நேத்து அதை மடிக்கிறப்ப விரல் உள்ள போச்சு. ஓட்டை. பவுண்டரியில இரும்பு ஊத்துறப்ப பொறி பறக்கும், துணியில கறுப்பா ஒரு புள்ளி விழும். எட்டு வருஷமா அவ்வளவுதான். இது ஓட்டைடா. ஓரமெல்லாம் தீ தின்னுருக்கு. இந்தத் துணி எங்கேருந்து வந்துச்சு?

தம்பி: எப்பவும் வர்ற மில்லுதான். அவங்க சர்ட்டிஃபிகேட் ஃபைல்ல இருக்கு.

அக்கா: பார்த்தேன். அதே நம்பர், அதே சீல். தேதி மட்டும் உன் கையெழுத்து மாதிரி இருக்கு.

தம்பி: துணி பாக்குறதை விட்டுட்டு போலீஸ் வேலைக்குப் போயிட்டியா?

அக்கா: என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: ...அந்த மில்லு இருக்கிற நாட்டுல சண்டை வந்து துறைமுகத்தை மூடிட்டாங்கக்கா. நம்ம கண்டெய்னர் உள்ளேயே மாட்டிக்கிச்சு. எப்ப வரும்னு யாருக்கும் தெரியலை. இங்க தையல்ல நூத்தம்பது பேர் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. ஏஜென்ட்தான் வேற நாட்டுல ஒரு மில்லு இருக்குன்னான். அதே நீலம், அதே கனம்...

அக்கா: நூல்?

தம்பி: நூல் இன்னொரு நாடு. சாயம் எங்கன்னு... அவனுக்கே தெரியாது.

அக்கா: பழைய துணியில நூலே தீப்பிடிக்காது. இதுல மேலாக்க மருந்தைத் தெளிச்சிருக்கான். துவைக்கத் துவைக்கப் போயிடும்.

தம்பி: அது எனக்கெப்படித் தெரியும்?

அக்கா: மில்லு மாறினது தெரியும்ல? என்கிட்ட ஒரு வார்த்தை...

தம்பி: சொல்லத்தான் வந்தேன். இதோ, இந்தக் கதவுகிட்ட நின்னேன். நீ ஏதோ எழுதிட்டிருந்த. சொன்னா நிறுத்திடுவன்னு திரும்பிப் போயிட்டேன்.

அக்கா: நிறுத்தியிருப்பேன்.

தம்பி: நீ இருக்கன்னு ஒரு தைரியம்க்கா. துணி மட்டமா இருந்தா அக்கா விடமாட்டா. ஐம்பது தடவை துவைச்சு, காயவெச்சு, அப்புறம்தானே கொளுத்துவ? உன் ரிப்போர்ட்டை நாலு தடவை படிச்சேன். அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

அக்கா: லாரியைத் திருப்பி அனுப்பு.

தம்பி: சரி. ஆனா முதல் லோடு நானூறு கோட்டு போயாச்சே...

அக்கா: பவுண்டரிக்குப் போனைப் போடு. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் உள்ள போகும். ஒருத்தரும் அந்தக் கோட்டோட உலைகிட்டப் போகக் கூடாது.

தம்பி: மாமா?

அக்கா: அவருக்கு ரெண்டு கோட்டு குடுத்திருக்காங்க. இன்னொண்ணைப் போட்டுட்டுதான் போயிருக்கார். காலையில வாசல் வரைக்கும் கூடப் போனேன். வாயைத் திறக்க முடியலை. எரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு...

தம்பி: ரிங் போகுதுக்கா.

அக்கா: எடுக்குற வரைக்கும் வைக்காத.

தம்பி: எடுத்தா என்ன சொல்றது? ரிப்போர்ட்டைக் கையில வெச்சுட்டுக் கேப்பாங்க. ஐம்பது சலவையில தேறின துணி இருபதுல எப்படி எரிஞ்சுதும்பாங்க. நானும் அதைத்தான் கேக்குறேன், எப்படிக்கா?

அக்கா: துவைக்கலைன்னு சொல்லு. மெஷின் ரெண்டு நாள் ஓடணும், நீங்க எல்லாரும் லாரி லாரின்னு தலைமேல நின்னீங்க. எட்டு வருஷமா அதே துணி, ஒரு தடவைகூட எரிஞ்சதில்லை... கதவுகிட்ட நின்னேன்னியே, அப்ப நான் அதைத்தான் எழுதிட்டிருந்தேன். ஐம்பது சலவைன்னு. ஒரு துண்டைக்கூட நனைக்கலைடா.